உருண்டு ஓடாத சாமான்கள்: மலைப் பள்ளிக்கு வாங்கிய விளையாட்டுப் பொருட்கள் பற்றி

தொடக்கப் பள்ளிக்கு ஒரு கால்பந்தும் ஒரு கிரிக்கெட் செட்டும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் விளையாட்டு நிதிக்குக் கணக்கு முடிந்துவிடும். பிள்ளைகள் விளையாடுவார்களா? ஐந்தாம் வகுப்பில் வளர்ந்த பையன்கள் ஆறேழு பேர் விளையாடுவார்கள். ஒன்றாம் வகுப்பும் பெண் பிள்ளைகளும் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். இதைப் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று சொல்வது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆனால் அதே அட்டவணை, விளையாட்டுச் சாமான் ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு இதற்கென்று ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. இந்த முறை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோவையில் ஒரு கடையில் வாங்கி வந்தோம். ஐப்பசி மழையும் மார்கழி உறைபனியும் பார்த்தாகிவிட்டது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு முன்னால் சிமெண்ட் போட்ட ஒரு சிறு முற்றம். அதற்குக் கீழே தேயிலை. பந்து ஒன்று கை தப்பினால் மூன்று வரப்பு தாண்டிப் புதருக்குள் போய்த்தான் நிற்கும். எடுத்து வா என்று பிள்ளையை அனுப்ப முடியாது, உள்ளே காட்டுமாடு படுத்திருக்கும். கோத்தகிரியில் கரடி வராத ஊர் இல்லை. சாயங்காலம் பிள்ளைகளை வெளியே விடப் பெற்றோருக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானது. ஆகவே எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஓடவும் குதிக்கவும் கிடைக்கிற ஒரே இடம் பள்ளிதான். மழைக்காலத்தில் அந்த முற்றமும் போய்விடும், வகுப்பறைதான் மைதானம். இப்படிப்பட்ட இடத்துக்குச் சாமான் வாங்கும்போது நான் கேட்ட கேள்விகள் மூன்று. விழுந்த இடத்திலேயே கிடக்குமா? அறைக்குள் பயன்படுமா? ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கையில் இருக்கும்?

இந்தக் கேள்விகளுக்குச் சிறப்பாக நின்றது ஏணி. கடையில் ஏஜிலிட்டி லேடர் என்பார்கள். இரண்டு நைலான் பட்டைக்கு நடுவே தட்டையான பிளாஸ்டிக் சட்டங்கள், தரையில் விரித்துக் கட்டத்துக்குள் கால் வைத்துப் போவது. ஓட்டப் பயிற்சிக்காரர்களுக்கான பொருள் இது. நான் வாங்கியது எண்கோடாக. வாங்கும்போது கட்டங்களை எண்ணிப் பாருங்கள். எட்டுக் கட்டம் உள்ளதும் விற்கிறது, கணக்குக்குப் பத்துதான் வேண்டும். 500 ரூபாய்க்குள் கிடைத்தது.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து ஒரே அறையில், கற்ற அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஏணியில் மூன்று நிலைக்கும் வேலை இருக்கிறது. அரும்புப் பிள்ளை ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே பத்து வரை குதிக்கும். மொட்டுப் பிள்ளை மூன்றில் நின்று இன்னும் நான்கு குதித்து ஏழுக்குப் போகும், கழித்தலென்றால் பின்பக்கமாக வரும். மலர்ப் பிள்ளை கட்டம் விட்டுக் கட்டம் தாவி இரண்டாம் வாய்ப்பாடு சொல்லும். பின்பக்கமாகக் குதிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். கால் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமல் உடம்பே கணக்கு வைக்க வேண்டும். ஒன்பதிலிருந்து நான்கைக் கழி என்றால் விரலைப் பிடித்துத் தடுமாறும் ஒரு பையன், ஏணியில் நிறுத்தினால் நேராக ஐந்தில் போய் நிற்கிறான்.

எங்கள் பள்ளியில் வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. இப்போது ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு சிறுமி வந்த புதிதில் வாயே திறக்காது. ஏணியில் மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்துத் தானும் வரிசையில் வந்து நின்றது. எல்லாரும் சேர்ந்து கத்தும்போது நாலு, அஞ்சு என்று அதுவும் கத்தியது. நான் கேட்ட அதன் முதல் தமிழ் அதுதான். உட்கார வைத்து அட்டையைக் காட்டியிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

ஏணியில் குறையும் உண்டு. மழமழப்பான தரையில் நகரும். மூலைக்கு ஒன்றாகக் கனமான பை வைத்தால் நிற்கும். சட்டத்தின் மேல் ஓங்கி மிதித்தால், குளிர்ந்த காலையில், விரிசல் விடுகிறது. ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொல்லுங்கள். சாக்ஸோடு மட்டும் விடாதீர்கள், வழுக்கும்.

அடுத்தது பீன் பேக். ஒரு கைக்குள் அடங்கும் துணிப்பை, உள்ளே விதையோ பிளாஸ்டிக் மணியோ இருக்கும். எறியவும் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. பந்து மூஞ்சியில் பட்டால் வலிக்கும் என்று கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகூட இதைப் பயப்படாமல் பிடிக்கும். தவறவிட்டால் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். தலையில் வைத்து நடக்கச் சொன்னால் கூன் போட்டு உட்காரும் பிள்ளைக்கு முதுகு தானாக நிமிர்கிறது. நான் ஒரு சொல்லைச் சொல்லி எறிவேன், பிடிப்பவர் எதிர்ச்சொல்லைச் சொல்லி அடுத்தவருக்கு எறிய வேண்டும். அறை முழுக்கச் சத்தமாக இருக்கும், அந்தச் சத்தத்தில் ஒருவர்கூடச் சும்மா இருப்பதில்லை.

கடையில் வாங்கியவை உள்ளே தானியம் நிரப்பியவை. மழைக்காலத்து ஈரத்தில் அவற்றில் பூஞ்சை நாற்றம் வந்துவிட்டது, இரண்டை எலி கடித்துவிட்டது. இந்தப் பொருளைக் கடையில் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். பழைய சீருடைத் துணியில் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே நன்றாகக் காயவைத்த புளியங்கொட்டை நிரப்பி, எங்கள் சத்துணவு அமைப்பாளரம்மா தைத்துக் கொடுத்தார். உள்ளங்கைக்கு நல்ல கனம். ஆளுக்கொன்று இருக்கிறது. ஏணியின் மூலைகளில் வைப்பதும் இவைதான்.

ஸ்கிப்பிங் கயிறு வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் பளபளப்பான பிளாஸ்டிக் கயிற்றைக் கையில் எடுத்தேன். “மேலெ குளுருமுங்களே டீச்சர், இது வெறைச்சுக்குமுங்க. கொஞ்சம் கூட ஆனாலும் மணி கோத்ததை எடுத்துக்கோங்க” என்றார். உண்மை. பிளாஸ்டிக் குழாய்க் கயிறு குளிரில் சுருண்ட வடிவத்திலேயே நின்றுவிடும், சுற்ற முடியாது. பருத்திக் கயிறு நனைந்து கனத்துவிடும். நைலான் நூலில் சின்னச் சின்னக் குழாய்த் துண்டு கோத்த கயிறு உறைபனிக் காலையிலும் ஒழுங்காகச் சுழல்கிறது, தரையில் படும் டக் டக் சத்தமே தாளம். ஒன்றாம் வகுப்புக்கு நீளம் குறைத்துக் கட்ட வேண்டும். நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரை வந்தால் சரி.

தமிழ் வகுப்புக்கும் இதே குதிதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. குறிலுக்கு ஒரு குதி, நெடிலுக்கு இரண்டு குதி, மெய்யெழுத்துக்குக் குதிக்காமல் முட்டியை மட்டும் மடக்கி நிமிர வேண்டும். அம்மா என்றால் ஒரு குதி, ஒரு மடக்கல், இரண்டு குதி. பாட்டி என்றால் இரண்டு குதி, ஒரு மடக்கல், ஒரு குதி. இதைச் செய்யத் தொடங்கியபின் எழுத்தில் துணைக்கால் விடுபடுவது குறைந்திருக்கிறது. ‘படம்’, ‘பாடம்’ இரண்டையும் குழப்பும் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது. குளிர்ந்த சிமெண்ட் தரையில் உட்காரும் பிள்ளைகளுக்குக் காலை முதல் பாடம் இப்படித் தொடங்குவது இன்னொரு வகையிலும் நல்லது. பத்து நிமிடத்தில் குல்லாவும் ஸ்வெட்டரும் கழன்றுவிடும்.

வளையப்பந்து வளையம் நடுநிலைப் பள்ளிக்குப் பொருந்தும். எங்களுக்கு இல்லை. ஏறத்தாழ 220 கிராம் ரப்பர், குளிரில் இறுகியிருக்கும்போது சின்ன விரலில் பட்டால் அழுகைதான். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், வெயில் ஏறியபின் கொடுக்கிறோம். ஹூலா ஹூப் வேண்டவே வேண்டாம். குழாய் வளையம் இணைப்பில் பிரிந்துகொள்கிறது, செங்குத்தாக விழுந்தால் பந்தைவிட வேகமாகத் தேயிலைக்குள் ஓடுகிறது. அதே வேலைக்குத் தட்டையான வளையங்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். சாஸர் கூம்பு, அதாவது தரையில் இடம் குறிக்க வைக்கும் தட்டு வடிவக் கூம்பு, நல்ல பொருள். நாலு நிறம், காற்றுக்குக் கொஞ்சம் பறக்கும், வளைந்தாலும் உடையாது. ஈரச் சிமெண்டில் சாக்பீஸ் எழுதாது என்பதால் எங்களுக்குக் கோடு போடவே இவைதான். நீலக் கூம்பு ஒவ்வொன்றுக்கும் மதிப்பு பத்து, மஞ்சளுக்கு ஒன்று என்று வைத்து ஓடிப்போய் 34ஐ எடுத்து வா என்றால் இடமதிப்புப் பாடமும் முடிந்துவிடுகிறது.

பந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் அளவு பார்த்து வாங்குங்கள். கேட்காவிட்டால் அளவு 5 கொடுத்துவிடுவார்கள், அது பெரியவர்களுக்கானது. எட்டு வயதுக்குக் கீழ் 3, பன்னிரண்டு வரை 4. கடையில் முழுக் காற்று அடைக்க விடாதீர்கள். கோவை 400 மீட்டர் சொச்சம் உயரம், எங்கள் பக்கம் 1,800 மீட்டரை ஒட்டி. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பந்து இறுகிவிடும். மலை பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரிதான். பம்பும் ஊசியும் சேர்த்து வாங்கி, ஊசியை நனைத்துச் செருகி, இங்கே வந்து நிரப்புங்கள்.

கடையைப் பற்றி: பொறுமையாகக் காட்டினார்கள், ஜி.எஸ்.டி. பில் சரியாகக் கொடுத்தார்கள், தணிக்கைக்கு அது முக்கியம். மொத்தமாக எடுத்ததில் விலையும் குறைத்தார்கள். ஒரு பெட்டியில் பத்துக் கூம்புக்கு ஒன்பதுதான் இருந்தது, போனில் சொன்னதும் அடுத்த பார்சலில் வந்துவிட்டது. நீலகிரிக்குப் போகிறது என்று முன்னாலேயே சொல்லிப் பிளாஸ்டிக் கவர் இல்லாமல் அட்டைப் பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். மலையேறும் வழியில் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மலைப் பிள்ளைகள்தான் ஏறி இறங்கி நடக்கிறார்களே, அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒரு பெற்றோர் கேட்டார். மதிப்பான கேள்விதான். ஆனால் இப்போது பாதிப் பேர் ஆட்டோவிலும் வேனிலும் வருகிறார்கள். நடந்து வருபவருக்கும் காலில் பலம் வரும், ஆனால் பறந்து வருவதைப் பிடிக்கும் கண், குதித்து இறங்கும்போது முட்டி மடக்கும் பழக்கம், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் வராது. ஐந்திலிருந்து 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுச் சேர்க்கும் வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. உடற்கல்விப் பாடவேளையை மட்டும் வைத்து அந்த 60 நிமிடத்தை எட்ட முடியாது. கணக்குப் பாடத்திலும் தமிழ்ப் பாடத்திலும் உடம்புக்கு இடம் கொடுத்தால் எட்டலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியரும் பிள்ளையும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அது பெரிய மாற்றம். அந்த வட்டத்திலிருந்து பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதும் நம் வேலை என்றே நினைக்கிறேன்.

5,000 ரூபாயில் முதல் செலவு இரண்டு ஏணி, மணிக் கயிறு பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது, சாஸர் கூம்பு இரண்டு செட். புளியங்கொட்டைப் பைக்குப் பணம் தேவையில்லை. மிச்சத்தில் அளவு 3இல் ஒரு பந்து. எங்களுக்கு இப்போது குறையாக இருப்பது குதித்து இறங்க ஒரு விரிப்பு. துண்டு துண்டாகப் பொருத்தும் ஈவா (EVA) என்ற மெத்தென்ற நுரை விரிப்பு ஈரம் குடிக்காது, துடைத்தால் போதும். அதற்கு விலைப்பட்டியல் வாங்கிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்திருக்கிறோம். ஒரு வருடம் மலைக் குளிரில் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், எந்தத் தடிமன் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.