வீடு மாறினால் கூடவே வருவது எது? இலவச டிஷ்ஷும் டிவி டாங்கிளும்

மாதக் கட்டணம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு என் முன் இருந்தவை இரண்டு: தூர்தர்ஷன் துணைக்கோள் வழியாக இலவசமாகத் தரும் டிடி ஃப்ரீ டிஷ், அதன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பான டிவிபி-டி2-ஐப் பிடிக்கும் டாங்கிள். இரண்டையுமே வாங்கினேன். இன்று வீட்டில் ஓடுவது டிஷ்தான்.

டாங்கிள் மீதுதான் முதலில் ஆசை. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் இந்தத் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டுமே இடம் கிடைத்தது. கட்டைவிரல் அளவுக் கருவியை ஓடிஜி என்ற இணைப்பான் வழியாகக் கைபேசியில் செருகினால் படம் வந்துவிடும். டேட்டா செலவே இல்லை. ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் தகவலைப் பிரித்து அனுப்புவதால், கட்டடங்களில் மோதித் திரும்பும் எதிரொலி அதைக் குலைப்பதில்லை. ஓடும் வண்டியிலும் எடுக்கும் என்பார்கள். நான் மாநகரப் பேருந்தில் இரண்டே முறைதான் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

டாங்கிளில் வந்தவை ஐந்தே சேனல்கள், அனைத்தும் தூர்தர்ஷனுடையவை. டிஷ்ஷில் அதைப்போலப் பல மடங்கு. முன்னணித் தனியார் தமிழ்ச் சேனல்களை இரண்டிலும் தேட வேண்டாம்.

என் முடிவை மாற்றியது வேறொன்று. வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்து கோவில்பட்டிக்கு வந்தோம். டாங்கிள் அன்றே செத்த பொருளாகிவிட்டது. ஒளிபரப்புக் கோபுரம் எட்டும் தூரம் வரைதான் அதற்கு உயிர். டிஷ்ஷைக் கழற்றி, அதன் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி.யைத் துணியில் சுற்றி, லாரியில் பாத்திரங்களோடு ஏற்றினேன். அது பார்க்கும் ஜிசாட்-15 துணைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நாடு முழுவதற்கும் அது ஒன்றே. சென்னையில் தென்கிழக்கே, ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் தெரியும். கோவில்பட்டியிலும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். திசை மட்டும் 14 டிகிரி போலக் கிழக்கே நகர்கிறது. சாய்வைத் தொடாமல், திருகைத் தளர்த்தி மெல்லத் திருப்பினேன். கீழே டிவி முன் நின்ற மனைவி "வந்துவிட்டது, கையை எடுங்கள்!" என்று கத்த, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் பக்கத்து மாடியும் மறைப்பதில்லை. தென்னை மட்டும் தள்ளியே இருக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஷ்ஷுக்கு வரும் கேயூ என்ற உயர் அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. டாங்கிளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வாடகை வீட்டில் மொட்டை மாடியில் துளை போட உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பது தனிக் கலை. நான் சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் கம்பியை நட்டுச் சமாளித்தேன். பெருங்காற்றில் அதைப் படுக்க வைத்துவிட வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் செட்-டாப் பெட்டியை எம்பெக்-4 என்ற புதிய படச் சுருக்க முறைக்கானதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் பாதிச் சேனல் திரைக்கே வராது. மலிவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார்.