ஹப்புத்தளை வாடகைச் சைக்கிள்: தம்பேத்தன்னை வழியில் ஒரு நாள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலைத் தாண்டினாலே படிக்கட்டு, அதைத் தாண்டினால் சரிவு. நான் பழகியது யாழ்ப்பாணத்தில். பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடமும் எனக்குச் சைக்கிள்தான் கால். ஊருக்குத் திரும்பி டீச்சரான பிறகு பதினாறு வருடம் அதைத் தொடவே இல்லை.

மறுபடி தொட வைத்தது பிரான்ஸ். அக்கா குடும்பம் பாரிஸ் பக்கம் இருக்கிறது. போன வருடம் அவளிடம் போயிருந்தபோது, அத்தான் எங்களை பூர்கோன் பகுதிக்குக் கூட்டிப்போய் ஜிவ்ரி என்ற சிற்றூரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தந்தார். அங்கிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தார் போட்டு, 1997இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்து விட்டிருக்கிறார்கள். ரயில் ஏறிய வழி என்பதால் பெரிய ஏற்றமே இல்லை. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அதன்பின் வெள்ளை நிற ஷரொலே மாடுகள் மேயும் புல்வெளி. நடுவில் அந்தப் பாதையை விட்டு ஷபேஸ் என்ற ஊர்ப்பக்கம் கிராமத்து ரோட்டிலும் போனோம். கிலோமீட்டர் கற்களின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் அது மாவட்ட ரோடு, வாகனம் குறைவு என்று அத்தான் சொன்னார். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். போகவும் செய்கிறார்கள். மத்தியானம் கடைகள் மூடிவிடும். தண்ணீர் தீர்ந்தபோது அக்கா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனாள். அங்கே பூச்செடிகளுக்காகக் குழாய் இருக்குமாம், சைக்கிளில் போகிறவர்கள் போத்தலை நிரப்புவது அங்கேதானாம். முதலில் கால் எழவில்லை. அப்புறம் குடித்தேன்.

அந்த இரண்டு நாளும் மனதில் ஓடியது ஒன்றுதான். இதைவிட அழகான ரோடு என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் ஒரு நாளும் நான் சைக்கிள் ஓட்டியதில்லை.

சரி, இங்கே சைக்கிள் வாடகைக்குத் தரும் கடைக்கு வருகிறேன். ஹப்புத்தளை டவுனில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரண்டு தம்பிமார் நடத்துகிறார்கள். சின்ன இடம், எட்டு சைக்கிள். எல்லாம் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்கள். ஒரு நாளுக்கு 2,500 ரூபாய், ஹெல்மெட் அதற்குள் அடக்கம். அடையாள அட்டையின் போட்டோப் பிரதி போதும், முற்பணம் கேட்கவில்லை. வாடிக்கையாளர் முக்கால்வாசியும் வெளிநாட்டுப் பயணிகள் என்பது சுவரில் இருக்கும் அறிவிப்புகளைப் பார்த்தாலே தெரியும்: ஒன்றுகூடத் தமிழில் இல்லை. இதை நான் சொன்னேன். அடுத்த முறை போனபோது கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். கடையை அவ்வளவு நேரத்தோடு திறந்து தந்ததற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் போக நினைத்தது லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்கு. அங்கே ஒன்பது மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடும். அதற்குப் பிறகு மேலே நின்றால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

டவுனிலிருந்து தம்பேத்தன்னை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை பத்துக் கிலோமீட்டர். இந்தப் பத்துதான் எனக்குப் பொன். ரோடு மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஏறுவது தெரியாது, இறங்குவதும் தெரியாது. ஒரு மடிப்புக்குள் நுழைந்தால் ஓடையும் ஈரக்காற்றும், வெளியே வந்தால் வலது பக்கம் தெற்கே தாழ்நிலம் முழுக்கத் திறந்து கிடக்கும். கொழுந்து லொறி சுமையோடு ஸ்டோருக்குப் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டிய ரோடு. அதனால்தான் சைக்கிளுக்கும் இவ்வளவு பொருந்துகிறது. வெட்டியவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு அது நினைவு வந்தது.

வாகனம் என்று பார்த்தால் தோட்டத்து பஸ், இரண்டு ஆட்டோ, பாற்காரரின் மோட்டார் சைக்கிள். அவ்வளவுதான். பஸ் டிரைவர் ஹோர்ன் அடிக்காமல் பின்னால் மெதுவாக வந்து, அகலமான இடம் வந்ததும்தான் முந்தினார். சட்டம் எதுவும் சொல்லாமலே இங்கேயும் ஒன்றரை மீட்டர் கிடைத்தது.

ஸ்டோரை 1890இல் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் கட்டினார். அதைத் தாண்டினால் கதை மாறும். லிப்டன் சீட் வரை இன்னும் ஏழு கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், சில இடங்களில் ரோடு உடைந்து கல் பெயர்ந்திருக்கிறது. ஹப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரம், உச்சி 1,970. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஏழு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. சைக்கிளில் முன்பல்லு (முன் கியர்) மூன்று இருந்ததால் ஆகச் சின்னதில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேலே டிக்கெட் எடுக்க வேண்டும். லிப்டன் சிலைக்குப் பக்கத்தில் உள்ள கடையில் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டசம்பலும். அந்தக் குளிரில் அந்தச் சம்பலின் உறைப்புக்கு ஈடு கிடையாது.

ஏறும்போது ஒரு வளைவில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க நின்ற அக்காமார் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஒருவர் இறங்கி வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார். "எவ்வளவு டீச்சர் வாடகை?" என்றார். சொன்னேன். ஒரு நாள் பேரைவிட, அதாவது தோட்டத்து நாட்கூலியைவிட, கூடுதலான தொகை அது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம புள்ளைகளுக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இறக்கத்தில்தான் கடையின் குறை தெரிந்தது. பின் பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. தட்டையான ஊரில் அது ஒரு பெரிய விஷயம் இல்லை. ஏழு கிலோமீட்டர் தொடர்ந்து இறங்கும்போது உயிர் அந்த ரப்பர் துண்டில்தான் தொங்குகிறது. நடுவழியில் நிறுத்தி, ரிம் ஆறும் வரை காத்திருந்து, மெதுவாகத்தான் வந்தேன். பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் தருவதில்லை. "கோல் பண்ணுங்க, ஆட்டோவில் வருவோம்" என்கிறார்கள். மேலே பல வளைவுகளில் சிக்னலே இல்லை.

திரும்பி வந்து பிரேக்கைக் காட்டிக் கோபமாகவே பேசினேன். தம்பிமாரில் பெரியவர் மறுக்கவில்லை. என் கண் முன்னாலேயே கட்டையை மாற்றினார். இப்போது ஒவ்வொரு சைக்கிளும் வெளியே போகுமுன் பிரேக் பார்த்து ஒரு கொப்பியில் குறிக்கிறார்கள். இதுவரை மூன்று முறை எடுத்துவிட்டேன், கொப்பியையும் பார்த்தேன். இருந்தாலும் நீங்களும் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

ஹப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று. தேயிலைக்கு வாசம் ஏறும் காலம், ரோடும் காய்ந்திருக்கும். திறந்த வளைவுகளில் காற்று சைக்கிளைத் தள்ளும், அது மட்டும் கவனம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் தயவுசெய்து போகாதீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனது இந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான். மழை பெய்த மறுநாள் மண் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஆசையையும் இங்கே சொல்லி விடுகிறேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. 1904இல் ராகலையைத் தொட்டது, 1940களில் நின்றுபோனது. ஜிவ்ரியில் செய்ததை அந்த வழியில் மிச்சமிருக்கும் துண்டுகளிலாவது செய்யலாமே என்று அங்கே சைக்கிள் மிதிக்கும்போதே தோன்றியது. கந்தப்பளைப் பிள்ளைகள் அதில் பாடசாலைக்குப் போகலாம்.

மலையில் அந்த அக்கா கேட்ட கேள்வியைத் தம்பிமாரிடம் அப்படியே கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு வாரத்தில், கிழமை நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மணித்தியாலத்துக்கு நூறு ரூபாய் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் இருக்கிற எட்டும் பெரியவர்களுக்கான உயரம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. சின்னச் சைக்கிள் இரண்டு கொழும்பிலிருந்து எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது, வந்துவிட்டதா என்று தினமும் கடைக்குள் எட்டிப் பார்க்கிறேன்.