வெளிக்களப் பயிற்சிக்கு எந்த டிரைபாட்? உப்பிலும் மணலிலும் அடிபட்ட பிறகு ஒரு மதிப்பீடு

டிரைபாட் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதப்படுபவை. எடை, உயரம், எத்தனை கிலோ தாங்கும், மடித்தால் எவ்வளவு நீளம் என்பதோடு முடிந்துவிடும். ஊர் ஊராகப் போய் வெளிக்களத்தில் போட்டோகிராபி சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த எண்கள் பாதிதான் உதவும். அவரைச் சுற்றி ஆறேழு டிரைபாட் நிற்கும். அதில் ஒன்றின் கால் வழுக்கி, ஒருவருடைய கேமரா பாறையில் விழுந்தால் அன்றைய வகுப்பு அத்தோடு போச்சு. தனுஷ்கோடி மணல், வால்பாறை மழை, பழவேற்காட்டுச் சேறு எல்லாம் பார்த்துவிட்ட இரண்டு வகைகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, பயிற்சியாளர் தன் கையில் வைத்துக்கொள்ளும் ட்விஸ்ட் லாக் (வளையத்தைத் திருகிக் காலை இறுக்கும் வகை) கார்பன் ஃபைபர் டிரைபாட், நான்கு பகுதிக் கால். இன்னொன்று, கொண்டுவராதவர்களுக்குக் கொடுக்க வைத்திருக்கும் ஃபிளிப் லாக் (நெம்பை மடக்கிக் காலை இறுக்கும் வகை) அலுமினிய டிரைபாட், மூன்று பகுதிக் கால்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த உபயோகத்துக்கு ட்விஸ்ட் லாக் நல்லது. மாணவர் கையில் கொடுக்க ஃபிளிப் லாக்தான். காரணம் விலை மட்டுமில்லை. நான்கு பகுதிக் கால் என்றால் காலுக்கு 3 லாக், மொத்தம் 9. மூன்று பகுதி என்றால் 6. விடிவதற்கு முன் இருட்டில், பழகாத கை அந்த ஒன்பதையும் திருகும்போது ஒன்றிரண்டு அரைகுறையாகத்தான் நிற்கும். ட்விஸ்ட் லாக் இறுகியிருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃபிளிப் லாக்கில் மூடாத நெம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி நின்று டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். ஆறு பேரை ஒரே நேரத்தில் கவனிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

எந்த லாக்காக இருந்தாலும் கேமராவை ஏற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று கால்களும் சேரும் தலைப்பகுதியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பு எடையில் கொஞ்சம் கொடுத்து, ஐந்து விநாடி கீழே அழுத்த வேண்டும். இறுகாத கால் அப்போதே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். இதைப் பழக்கமாக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகவே கூடாது.

இனி மணல். தடித்த பகுதியை முதலில் நீட்டு, மெல்லிய கடைசிப் பகுதியைக் கடைசியில் நீட்டு என்பது பொதுவான பாடம். உறுதிக்கு அது சரி. கடற்கரையில் அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அடிப்பகுதியை முதலில் முழுக்க நீட்டினால்தான் கடைசி லாக் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே இருக்கும். இல்லாவிட்டால் லாக்கே மணலுக்குள் புதையும். மெல்லிய கால் கொஞ்சம் ஆடும்தான், ஆனால் மணலில் புதைந்திருப்பதால் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது.

கால்களை முழுக்க விரித்து வைத்துவிட்டு மேலிருந்து அழுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. மணலுக்குள் போகிற கால் மேலும் விரியப் பார்க்கும். தலைப்பகுதியிலுள்ள கோண நிறுத்தி அதை விடாது. முழுச் சுமையும் அந்த மூட்டில் விழுந்து, விலை குறைந்த டிரைபாட்டில் வார்ப்பே விரிசல் விடும். முழு விரிப்புக்குச் சற்றுக் குறைவாக வைத்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து, அதன் சாய்வுத் திசையிலேயே 15 முதல் 20 செ.மீ. இறக்கினால் பிரச்சினை வராது.

அலை தொடும் இடத்தில் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். 1/60 விநாடி போதுமான வெளிச்சத்தில் 10 ஸ்டாப் ஃபில்டர் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) போட்டால் ஷட்டர் சுமார் 17 விநாடி திறந்திருக்கும். அதற்குள் ஒன்றிரண்டு அலை வந்து போய்விடும். திரும்பும் அலை கால்களின் அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போவதால் டிரைபாட் மெல்ல இறங்கும். படத்தில் அடிவானம் இரட்டிப்பாகவோ மழுங்கியோ வரும், மாணவர் ஃபோகஸ் தப்பு என்று நினைத்து லென்ஸைத் திருகிக்கொண்டிருப்பார். பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஃபோகஸ் தப்பினால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மழுங்கும். டிரைபாட் இறங்கினால் ஒரே திசையில் இழுபட்ட மாதிரி இருக்கும். காலை இறக்கிய பிறகு இரண்டு மூன்று அலை வந்துபோகக் காத்திருந்து, மறுபடி ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

ட்விஸ்ட் லாக்கின் உண்மையான விலை வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகுதான் தெரியும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே கழுவியாக வேண்டும். முதலில் லாக் எதையும் திறக்காமல் நல்ல தண்ணீரில் வெளிப்புறத்தை அலச வேண்டும். ஒட்டிய மணலோடு காலை உள்ளே தள்ளினால் மணல் முழுக்கக் குழாய்க்குள் போய்விடும். பிறகு ஒரே ஒரு காலை மட்டும் பிரிக்கலாம். மூன்றையும் ஒன்றாகப் பிரித்தால் எது எதனுடையது என்று குழம்பும். லாக் வளையத்தை முழுக்கக் கழற்றி உள் குழாயை இழுத்தால், அதன் மேல்முனையில் பிளாஸ்டிக்கில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். அவற்றின் உள்பக்கத்திலுள்ள சின்னக் குமிழ்கள் குழாயின் துளைகளில் உட்கார்ந்திருக்கும். கீழே, வளையத்துக்குள், சரிவான ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். கழற்றிய வரிசையிலேயே துண்டில் அடுக்கி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அரைவட்டத் தகடுகளைத் தலைகீழாகப் போட்டால் கால் எல்லை மீறி வெளியே வரும், அல்லது குழாய் சுற்றிக்கொண்டே இருக்கும், லாக் பிடிக்காது.

பழைய டூத் பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்துக் கழுவி, இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயவிட வேண்டும். மறுநாள் மரையில் மட்டும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். சரிவான உறையிலும் அரைவட்டத் தகட்டிலும் கிரீஸ் படவே கூடாது. லாக் பிடிப்பதே அங்கே இருக்கும் உராய்வால்தான். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். இருக்கிற கிரீஸை அது கரைத்துவிடும், பிசுபிசுப்பில் அடுத்த நாள் மணல் இன்னும் நன்றாக ஒட்டும்.

ஃபிளிப் லாக்கில் இவ்வளவு வேலை இல்லை. அலசி, நெம்புகளைத் திறந்துவைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் போதும். அதன் நோய் வேறு. நெம்பின் போல்ட் மாதக்கணக்கில் மெல்லத் தளரும். மூடியிருப்பது போலவே தெரியும், ஆனால் கால் வழுக்கும். ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) கால்வாசிச் சுற்று இறுக்கினால் சரியாகும், அதற்கு மேல் இறுக்கினால் நெம்பின் பிளாஸ்டிக் உடையும். மலைக்காட்டில் உன்னிச்செடிப் புதருக்குள் நுழையும்போது நெம்பு கிளையில் மாட்டித் திறந்துகொள்வதும் உண்டு.

உப்பு செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்கு உடனே தெரியாது. அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சில மாதம் விட்டால் திருகு அசையாது. கால் விரியும் கோணத்தை மாற்றும் பொத்தானின் ஸ்பிரிங்தான் முதலில் துரு பிடிப்பது. மழைக்குப் பிறகு அதையும் துடைக்க வேண்டும். காலில் சுற்றியிருக்கும் நுரைப் பிடி ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், வால்பாறையில் ஒரு வாரம் போனால் பசை விட்டுச் சுழல ஆரம்பிக்கும். சேற்றில் ரப்பர் கால்கள் உருவிக்கொண்டு போகும், ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருப்பது அவசியம்.

பால் ஹெட்டில் (கேமராவைத் தாங்கி எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டைத் தலை) குறை சொல்ல அதிகமில்லை. உருண்டையில் கிரீஸ் போடக் கூடாது, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். இறுக்கிய பிறகும் படம் சற்றுத் தொங்குகிறது என்று புகார் வந்தால், 70-200 மி.மீ. போன்ற கனமான லென்ஸை வைத்துக்கொண்டு, கேமராவின் அடியிலுள்ள பிளேட்டில் (ஹெட்டில் மாட்டும் தகடு) மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். லென்ஸின் அடியில் அதற்கென்றே இருக்கும் காலில் மாட்டினால் பாரம் நடுவுக்கு வந்துவிடும். பிளேட் விஷயத்தில் எல்லாருக்கும் ஆர்கா-ஸ்விஸ் வகை (பல கம்பெனிகள் பின்பற்றும் பிளேட் வடிவம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மான்ஃப்ரோட்டோ கம்பெனியின் வழக்கமான 200 பி.எல். பிளேட் அதில் உட்காராது. திருகு பிளேட்டுக்குப் பிளேட் மாறும் என்பதால் 4, 5 மி.மீ. ஆலன் கீ இரண்டும் பையில் இருக்கட்டும்.

பறவைகள் சரணாலயத்துக் காவல் கோபுரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த டிரைபாட்டும் பயன்படாது. ஒருவர் நடந்தாலே தளம் முழுக்க ஆடும். அங்கே மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி), அல்லது கைப்பிடிச் சுவரில் வைத்து லென்ஸைச் சாய்க்க ஒரு பீன் பேக் (தானியம் நிரப்பும் துணிப்பை). பையைக் காலியாகக் கொண்டுபோய், போய்ச் சேர்ந்த ஊரில் 2 கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். நனைந்தால் நாறும், அதனால் மழைக்காலத்தில் வேண்டாம். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இந்தியத் தொல்லியல் துறை இடங்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க விடமாட்டார்கள். வகுப்புத் தேதிக்கு வெகுமுன்பே எழுதிக் கேட்க வேண்டும், வாசலில் பேசிப் பயனில்லை. காற்றில் நடுத்தண்டின் கொக்கியில் பை தொங்கவிடுவதானால், பை தரையை லேசாகத் தொடட்டும். அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே டிரைபாட்டை ஆட்டும்.

விமானப் பயணத்தில் ஹெட்டைக் கழற்றித் துணிக்குள் தனியாகச் சுற்றி, டிரைபாட்டை செக்-இன் பெட்டியில் போடுவதுதான் நிம்மதி. பேட்டரிகள் மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும். ஹெட்டைத் திருகும் முன் தளத்தின் அடியில் இருக்கும் சின்னப் பூட்டுத் திருகுகளைத் தளர்த்த மறக்கக் கூடாது. மறந்து முறுக்கினால் ஹெட்டின் அடிப்பாகத்தில் ஆழமாகக் கோடு விழும்.

கார்பன் ஃபைபரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒவ்வொரு குழாயையும் ஒரு நாணயத்தால் மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல குழாயில் ஒரே மாதிரிக் கணீரென்று கேட்கும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்க வாய்ப்பு உண்டு. கடைக்காரர் லாக்கைக் கழற்றிக் காட்டத் தயங்கினால் வேறு டிரைபாட் பார்க்கலாம்.