குடைமிளகாயில் பூ உதிர்வு: ஹார்மோனா, நிழலா, காய்ப்பறிப்பா?

மார்ச் கடைசியில் ஓசூர், தளி பக்கத்துப் பாலிஹவுஸ்களில் (பாலித்தீன் கூரைப் பசுமைக்குடில்களில்) குடைமிளகாய் பூ கொட்ட ஆரம்பிக்கும். உரக்கடைக்குப் போனால் ஒரு ஹார்மோன் பாட்டிலும் கால்சியம்-போரான் பாக்கெட்டும் கைக்கு வந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் நிழல்வலையை இழுத்து விடச் சொல்வார். இன்னொருவர், முதலில் காயைப் பறி, பூ தானாக நிற்கும் என்பார். எல்லாமே பலன் தரக்கூடிய வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்துக்கானது. என் கணிப்பில், கோடையில் முதல் செலவு வெப்பத்தைக் குறைப்பதற்குத்தான் போக வேண்டும். பாட்டில் அதற்குப் பிறகுதான்.

பாட்டிலில் இருந்தே தொடங்குவோம். பிளானோபிக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த என்.ஏ.ஏ. 4.5% கரைசல் அது. நன்றாக இருக்கும் பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அது குறைந்தால் காம்பின் மூட்டில் உதிரச் செய்யும் எத்திலீன் ஹார்மோனின் கை ஓங்கி, பூ கழன்று விழும். என்.ஏ.ஏ. என்பது நாம் வெளியிலிருந்து கொடுக்கும் ஆக்சின். மிளகாய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்), நட்ட 60, 90ஆம் நாட்களில். அதாவது 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி.; 10 லிட்டர் டேங்குக்கு சுமார் 2.2 மி.லி. ஊசி சிரிஞ்சில் அளந்துதான் ஊற்ற வேண்டும், மூடியால் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. அளவு மீறினால் இலை சுருண்டுவிடும், பூவும் கூடுதலாக உதிரும்.

செலவு குறைவு, வேலை சுலபம். ஆனால் மகரந்தம் செத்துப்போன பூவை ஹார்மோன் பிடித்து வைத்தால், விதையில்லாத, தட்டையான சின்னக் காய்தான் வரும். சம்பா மிளகாயில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. குடைமிளகாயில் வடிவம்தான் விலை.

சரி, மகரந்தம் ஏன் சாகிறது? குடைமிளகாய்க்குப் பகலில் 21 முதல் 27 டிகிரி வரை இதமான வெப்பம். 32 டிகிரிக்கு மேலே போகப் போகக் காய்பிடிப்பு குறையும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதுவும் பாதிக்கும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரலில் பக்கத் திரையை ராத்திரியும் சுருட்டியே வையுங்கள். பூச்சிவலையில் படிந்த தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தூசி அடைத்த வலை இருந்தால் மேல் ஜன்னல் திறந்திருந்தும் காற்று ஓடாது. இந்த இரண்டுக்கும் காசே தேவையில்லை.

இன்னொரு விஷயம். வெப்பம் அதிகம் சேதப்படுத்துவது விரிந்த பூவை அல்ல, மொட்டை. மகரந்தம் உருவாகும் கட்டம் பூ விரிவதற்கு ஏறக்குறைய 2 வாரம் முன்பே வந்துவிடுகிறது. அதனால் வெயில் தணிந்த பிறகும் கொஞ்ச நாள் பூ கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எதைத் தெளித்தாலும் அடுத்த வாரம் பூ நிற்கும். பேர் மட்டும் மருந்துக்குப் போய்விடும். மருந்து கேட்டதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பாத்தியைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள்.

நிழல்வலையா, பனிபோலத் தண்ணீர் தூவும் ஃபாகரா? ஓசூர் மாதிரி கோடையில் காற்று வறண்டிருக்கும் இடத்தில் ஃபாகர் நன்றாகவே வேலை செய்யும். உச்சி வெயிலில் விட்டு விட்டு ஓட்டி, இலை ஈரத்தோடு இரவுக்குப் போகாதபடி மாலைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அதில் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. ஈரம் மிஞ்சினால் மகரந்தம் பிசுபிசுத்து உதிராது. உப்புத் தண்ணீர் என்றால் நாசில் அடைத்துக்கொள்ளும். அங்கெல்லாம் நிழல்வலையே மேல்.

ஆனால் வலையை நிரந்தரமாகக் கட்டி வைப்பதை நான் எதிர்க்கிறேன். வெளிச்சம் குறைந்தால் செடி சர்க்கரை தயாரிப்பதும் குறைகிறது. பூவுக்குப் பங்கு போதாமல் அது உதிர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில், ஏப்ரலில் பூவைக் காத்த பாதி வெளிச்சத்தை மறைக்கும் அதே 50% வலை பூவை உதிர்த்துவிடும். கம்பியில் ஓடும், இழுத்து மூடவும் திறக்கவும் முடிகிற வலைக்குச் செலவு கூடுதல்தான். ஆனாலும் பாலிஹவுஸ் போடும்போதே அதற்குப் பணம் ஒதுக்குங்கள். முடியாதவர்கள் ஆடி முடிந்ததும் வலையைக் கழற்றிவிடலாம்.

அப்புறம் காய்ச்சுமை. செடியில் நாலைந்து பெரிய காய் பருத்துக்கொண்டிருக்கும்போது மேலே விரியும் பூ உதிர்வது நோயே அல்ல. சத்து முழுவதையும் காய் இழுத்துக்கொள்கிறது. காய் பறித்ததும் பூ பிடிக்கும், மறுபடி காய் பருக்கும், மறுபடி பூ உதிரும். இந்த அலை சிவப்பு, மஞ்சள் ரகங்களில் பலமாக இருக்கும், ஏனென்றால் நிறம் ஏறக் காய் இன்னும் 2, 3 வாரம் செடியிலேயே நிற்கிறது. இங்கே ஹார்மோன் தெளித்தால் சுமைதான் கூடும். சுமை அதிகமான செடிகளில் ஒரு பங்குக் காயைப் பச்சையாகவே பறித்துவிடுவதுதான் சரியான வழி. நிறக்காய் விலை நன்றாக இருக்கும்போது பச்சையாகப் பறிக்க மனம் வராது, தெரியும். ஆனால் அடுத்த அடுக்குக் காயையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். நட்ட புதிதில் செடி முதலில் கிளை பிரியும் கவையில் வரும் பூவைக் கிள்ளி எறிவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கால்சியம், போரானைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கால்சியம் காயின் நுனி அழுகலைத் தடுக்க உதவும், வெப்பத்தால் கொட்டும் பூவை அது நிறுத்தாது. மகரந்தக் குழாய் வளரப் போரான் தேவைதான், ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மண், இலைப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும் கொடுங்கள். சொட்டுநீரில் யூரியாவை அள்ளி விடுகிறவர்கள் முதலில் அதைக் குறைக்கட்டும். இலை கரும்பச்சையாகத் தழைத்து பூ நிற்காத செடிக்கு அதுவே பாதி வைத்தியம்.

செடியைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தட்டி விடுவது, கொசுத் தேனீப் பெட்டி வைப்பது இரண்டும் நல்லவை. குடைமிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்றாலும், மகரந்தம் நன்றாக விழுந்தால் விதை கூடி, காய் வடிவாகப் பருக்கும். கடும் வெயிலில் மட்டும் இவற்றால் பயன் இல்லை.

இவற்றில் எதற்கும் காசு எடுப்பதற்கு முன்னால், காலையில் சில பூக்களை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மெல்லிய கோடு மாதிரிப் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். நுனி இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து விறைத்திருந்தால் மஞ்சள் சிலந்திப்பேனைத் தேடுங்கள், அது கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். இரண்டும் பூவைக் கொட்ட வைக்கும். ஒன்று பூச்சி, மற்றது சிலந்தி இனம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்று உறுதியான பிறகு தெளியுங்கள்.