பேக்கெட் எண்ணெயா, போத்தல் எண்ணெயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சமையல் எண்ணெய் தரும் செம்பனைதான். ஆனாலும் கடையில் எண்ணெய் அடுக்கின் முன் தயங்கி நிற்பவர்கள் நிறைய. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் இதையேதான் கேட்டார்.

விலை: பேக்கெட் கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, அரசாங்க உதவித்தொகையோடு. ஐந்து கிலோ போத்தலுக்கு அது கிடையாது, கூடத்தான் ஆகும்.

வசதி: பேக்கெட் முனையை வெட்டி மைலோ டின்னில் நிறுத்தினாலும் அடியில் கசிந்து பிசுபிசுக்கும். போத்தலை மூடினால் சரி.

குப்பை: இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. பையில் பிளாஸ்டிக் குறைவுதான், ஆனால் எண்ணெய் ஒட்டிய பையை எங்கள் ஊர்ப் பழைய சாமான்காரர் தொடுவதில்லை. மழை பெய்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கால்வாயில் மிதக்கிறது. போத்தலைக் கழுவிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்.

கம்பெனியின் பொறுப்பு: இரண்டிலும் முத்திரையைத் தேடுங்கள். செம்பனையைப் பொறுப்பாக வளர்ப்பதற்கான மலேசியச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் நாட்டில் கட்டாயம். ஆர்எஸ்பிஓ அதே நோக்கத்தோடு 2004-இல் தொடங்கிய அனைத்துலக அமைப்பு. சேர்வது கம்பெனியின் விருப்பம். இரண்டுமே காட்டையும் தொழிலாளர் நலனையும் கணக்கில் எடுக்கின்றன. என் அம்மா தோட்டத்தில் குனிந்து செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவர். அந்த முதுகுவலியைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு அந்தச் சின்ன முத்திரை பெரிய விஷயம்.

சம்பளம் இறுக்கமான சிறு குடும்பத்துக்குப் பேக்கெட் போதும். வாங்கியதும் பழைய போத்தலில் ஊற்றிவிடுங்கள். தினமும் பொரிக்கிற வீட்டுக்கும் பலகாரம் விற்பவர்களுக்கும் போத்தல். அப்புறம், பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் காலிப் போத்தலில் சேர்த்து வையுங்கள், அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள்.