மேட்பிளாட்லிப்: மண்டபத்திலிருந்து ஒரு பயனர் மதிப்புரை

மண்டபம் கரையில் பதிவுசெய்யும் கடல்நீர் வெப்பநிலையைப் பாம்பன் மீனவர்களுக்குத் தமிழிலேயே வரைபடமாக்கித் தர, ஜான் ஹன்டர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட மேட்பிளாட்லிப் என்னும் பைத்தான் நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். கோடுகளின் துல்லியத்தில் எனக்கு முழு நிறைவு.

புதியவர்களைத் திகைக்க வைப்பது வெற்றுப் படம்: படத்தைத் திரையில் காட்டும் 'ஷோ' கட்டளைக்குப் பின், கோப்பில் சேமிக்கும் 'சேவ்ஃபிக்' கட்டளையை இட்டால், சாளரத்தை மூடியதும் படம் நீங்கிவிடுவதால், கோப்பில் வெள்ளைத்தாளே சேமிக்கப்படும், முதலில் சேமித்துவிட்டுப் பிறகு காட்டினால் சிக்கல் தீரும்.

தமிழ் எழுத்துகளே பெரும் சோதனை. இயல்பாக அமைந்த தேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லாததால், 'குருசடைத் தீவு' என்ற தலைப்பு வெறும் கட்டங்களாகத் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவியும் மாற்றம் தெரியவில்லையெனில், பழைய எழுத்துருப் பட்டியல் தற்காலிகச் சேமிப்பில் தங்கியிருக்கக்கூடும். அதை நீக்க வேண்டும். அதன்பின்னும், எழுத்துகளை வரிசைமாற்றிக் கோக்கும் வசதியற்ற பதிப்புகளில், 'வெப்பம்' என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னே போய் நிற்கும். சிதைந்த தமிழை மீனவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துகளை முறையாகக் கோக்கும் ராக்ம் நூலகத்துடன் எம்பிஎல்கெய்ரோ என்னும் துணைநிரலை இணைத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.