அதிர்ச்சி பில்: நியூயார்க் வழியா, கலிபோர்னியா வழியா?

2017-ல் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். ஒஹாயோவில், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி. போகும் முன்பே இன்சூரன்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு கட்டண ஒப்பந்தம் போட்டவர்களின் பட்டியலில், இருக்கிறதா? இருக்கிறது. சர்ஜன்? அவரும் இருக்கிறார். ஆறு வாரம் கழித்து 1,840 டாலருக்கு ஒரு கவர் வந்தது, மயக்க மருந்து கொடுத்தவரிடமிருந்து. அவர் நெட்வொர்க்கில் இல்லையாம். இதற்குப் பெயர்தான் அதிர்ச்சி பில். அந்த மனிதரை நான் பார்த்தது மொத்தம் இரண்டு நிமிடம். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் இல்லை என்றார்கள். இன்சூரன்ஸில் கேட்டால், அவரோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடந்தது. சர்ஜனை நாம் தேடிப் போகிறோம். அவருக்கு நோயாளி வேண்டும், அதனால் இன்சூரன்ஸோடு ஒத்துப்போகிறார். எமர்ஜென்சி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், எக்ஸ்ரே பார்ப்பவர், திசுவைச் சோதிப்பவர் ஆகியோரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளி அவர்களிடம் வந்தே தீருவார். அப்புறம் எதற்குக் குறைந்த கட்டணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்? நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சிக்குப் போனவர்களில் 22 சதவீதம் பேருக்கு நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டர் வாய்த்திருக்கிறார் என்று 2016-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நோயாளியை இந்தச் சண்டையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதில் இரண்டு அரசியல் கட்சிகளுக்கும் பெரிய தகராறு இல்லை. நோயாளியை எடுத்த பிறகு, மீதிப் பணத்தை டாக்டருக்கு எந்த அளவுகோலில் கொடுப்பது என்பதில்தான் அடிதடி. இதற்கு இரண்டு மாநிலங்கள் இரண்டு வழி காட்டின.

நியூயார்க்கின் வழி பஞ்சாயத்து. 2015-ல் அமலுக்கு வந்தது. டாக்டர் ஒரு தொகை சொல்வார், இன்சூரன்ஸ் ஒரு தொகை சொல்லும். நடுவர் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்; நடுவில் வெட்டிக் கொடுக்கக் கூடாது. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சம்பளத் தகராறை இப்படித்தான் தீர்ப்பார்கள், அங்கிருந்து வந்த யோசனை. யாரும் வாய்க்கு வந்ததைக் கேட்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை. மோசமான யோசனை இல்லை. ஆனால் நடுவர் கையில் கொடுத்த அளவுகோல்தான் கோணல். அந்தப் பகுதி டாக்டர்கள் போடும் பில் தொகைகளை வரிசையாக அடுக்கி, அதில் 80-வது சதமானத்தை, அதாவது நூறில் எண்பது பில்களுக்கு மேலே நிற்கும் தொகையை, பார்க்கச் சொன்னார்கள். பில் தொகை என்பது டாக்டரே எழுதும் விலை. மீட்டர் இல்லாத ஊரில் ஆட்டோக்காரர்கள் வாயில் கேட்கும் தொகையை எல்லாம் எழுதிவைத்து, அதில் மேல்தட்டில் ஒன்றை ‘நியாயமான கட்டணம்’ என்று அறிவிப்பது போல. தீர்ப்புகள் சராசரியாக அந்த 80-வது சதமானத்தையும் 8 சதவீதம் தாண்டின என்று மாநிலத்தின் சொந்தக் கணக்கே காட்டியது.

கலிபோர்னியா மீட்டர் மாட்டியது. 2017 ஜூலையில் அமலான ஏபி 72 சட்டப்படி, நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் வெளி டாக்டர் பார்த்தால் அவருக்குக் கிடைப்பது, அந்த இன்சூரன்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் சராசரி ஒப்பந்தக் கட்டணம் அல்லது மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) கட்டணத்தில் 125 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. எமர்ஜென்சி இந்தச் சட்டத்தில் இல்லை. அதில் எச்எம்ஓ (பொதுவாக நெட்வொர்க் டாக்டர்களிடம் மட்டுமே போக வேண்டிய இன்சூரன்ஸ் வகை) நோயாளிகளிடம் மீதிப் பணம் கேட்கக் கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

என் கல்லூரி நண்பன் அங்கே மயக்க மருந்து டாக்டர். இந்த மீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் ஏறிவிடும். “மச்சான், முன்னாடி ஒப்பந்தம் புதுப்பிக்க எங்களத் தேடி வருவாங்க. இப்ப, இஷ்டம்னா போடு, இல்லன்னா போங்கிறாங்க. கையெழுத்துப் போடலன்னாலும் அதே சராசரிதான தரப்போறோம்னு அவங்களுக்குத் தெரியும்ல?” அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சராசரியைக் கணக்குப் போடுவது இன்சூரன்ஸ் கம்பெனி. அதிகம் வாங்கும் குழுக்களை வெளியே தள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு சராசரி தானாக இறங்கும். மீட்டரையும் இன்சூரன்ஸே வைத்திருக்கிறது, வண்டியிலும் அதுவே ஏறுகிறது.

மூன்றாவதாக மேரிலாந்தைச் சிலர் இழுப்பார்கள். அங்கே 1970-களிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஒரு ஆணையம் நிர்ணயிக்கிறது. எந்த இன்சூரன்ஸ் என்றாலும் விலை ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டாக்டரின் தனிக்கட்டணம் அந்த ஆணையத்தின் கையில் இல்லை. என்னைப் போல மயக்க மருந்து டாக்டரிடம் மாட்டிக்கொண்டவனுக்கு அதனால் பயன் இல்லை.

உண்மையில் எனக்கு இதில் எந்த மாநிலச் சட்டமும் உதவியிருக்காது. என் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் இன்சூரன்ஸ் நடத்துகிறது. இன்சூரன்ஸ் கார்டில் இருக்கும் பெயர் கணக்குப் பிள்ளை மட்டும். அப்படிப்பட்ட திட்டங்களை மாநிலங்கள் தொடக் கூடாது என்கிறது 1974-ன் எரிசா சட்டம். வேலை மூலம் இன்சூரன்ஸ் வாங்குவோரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இந்த வகை. அதனால்தான் விவகாரம் வாஷிங்டனுக்குப் போனது.

அங்கே 2019-ல் கலிபோர்னியா வழிதான் முன்னால் ஓடியது. செனட்டில் குடியரசுக் கட்சியின் லமார் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி மர்ரேயும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா, இடைநிலை ஒப்பந்தக் கட்டணத்தை (ஒப்பந்தக் கட்டணங்களை வரிசையாக அடுக்கினால் சரியாக நடுவில் நிற்பது) மீட்டராக வைத்தது. பத்தாண்டில் அரசுக்குச் சுமார் 25 பில்லியன் டாலர் மிச்சம் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்குக் கொடுத்தது. அந்தக் கோடையில் டிவியைப் போட்டால் ஒரே விளம்பரம்: அரசாங்கம் விலை நிர்ணயித்தால் எமர்ஜென்சியில் டாக்டரே இருக்க மாட்டார்! விளம்பரம் போட்ட அமைப்பின் பெயர் ‘டாக்டர் பேஷண்ட் யூனிட்டி’. செலவு 28 மில்லியன் டாலருக்கு மேல். காசு பெரும்பாலும் டீம்ஹெல்த், என்விஷன் என்ற இரண்டு டாக்டர் கம்பெனிகளுடையது என்று செப்டம்பரில் வெளிவந்தது. அப்போது முதலாவது பிளாக்ஸ்டோன் கையில், இரண்டாவது கேகேஆர் கையில். இரண்டும் வால் ஸ்ட்ரீட் முதலீட்டுக் கம்பெனிகள். ஆண்டுக் கடைசியில் ஒரு சமரசம் உருவாகி, நாடாளுமன்றக் கீழவையின் வரிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் நீல் போட்டி யோசனை வைத்ததில் கலைந்தது. 2020 டிசம்பர் 27-ல் கையெழுத்தான ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் நியூயார்க் வழியில் வந்தது. மிச்சக் கணக்கு 17 பில்லியனாகச் சுருங்கியிருந்தது.

முழுக்க நியூயார்க் என்றும் சொல்ல முடியாது. டாக்டர் எழுதும் பில் தொகையை நடுவர் பார்க்கவே கூடாது. இடைநிலை ஒப்பந்தக் கட்டணத்தைப் பார்க்க வேண்டும். மீட்டர் உண்டு, ஆனால் மீட்டர்படி கொடுக்கக் கட்டாயம் இல்லை. நடுவர் அதற்கு எவ்வளவு மதிப்பு தர வேண்டும் என்பதே டெக்சாஸ் மருத்துவச் சங்கம் வரிசையாகப் போட்ட வழக்குகளின் மையம். முதல் சுற்றில் சங்கம் ஜெயித்தது.

நடந்தது என்ன? ஆண்டுக்குச் சுமார் 17,000 தகராறு வரும் என்று அரசு எதிர்பார்த்தது. 2022 ஏப்ரல் நடுவிலிருந்து அடுத்த மார்ச் வரை வந்தது 3,34,000-க்கு மேல். 2023-ன் முதல் பாதியில் தீர்ப்பான தகராறுகளில் 77 சதவீதம் டாக்டர் பக்கம். ஐந்தில் நான்குக்கு மேல், ஜெயித்த தொகை இடைநிலைக் கட்டணத்தைவிட அதிகம். முன்னணியில் நின்று மனுப் போட்டவை தனித்த டாக்டர்கள் இல்லை, டீம்ஹெல்த் மாதிரிப் பெரிய கம்பெனிகள். (என்விஷன் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது; அந்த அளவு சாமர்த்தியம் எல்லாருக்கும் பலிக்காது போலிருக்கிறது.)

சரி, நோயாளியாக எனக்கு எது வேண்டும்? கவரைத் திறக்கும் கைக்கு இரண்டும் ஒன்றுதான், மிச்சப் பணம் கேட்டு யாரும் வருவதில்லை. ஆனால் நடுவர் எழுதித் தரும் அதிகப்படியை என் கம்பெனி கட்டுகிறது, ஜனவரியில் என் பிரீமியமாக அது திரும்பி வருகிறது. அதனால் என் ஓட்டு மீட்டருக்கு. கலிபோர்னியா மீட்டரில் பாதிக்கு: மெடிகேரில் இத்தனை மடங்கு என்று வெளிப்படையாக எழுதிய எண் போதும். இன்சூரன்ஸ் கம்பெனி தன் அறையில் போடும் சராசரி வேண்டாம். எத்தனை மடங்கு என்பதை நண்பனும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவன் 250 சதவீதத்திலிருந்து இறங்கவில்லை.

2023-ல் பையன் பாஸ்கெட்பால் ஆடும்போது விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். எமர்ஜென்சி டாக்டர், எக்ஸ்ரே, எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸின் ‘இது பில் அல்ல’ என்ற தாள் வந்தது. வெளி டாக்டர் இரண்டு பேர், என் பங்கு வெறும் 150 டாலர். புதுச் சட்டம் வேலை செய்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். அடுத்த வாரம் ஆம்புலன்ஸ் பில் வந்தது, 1,120 டாலர். ஹெலிகாப்டரில் போயிருந்தால் சட்டம் காப்பாற்றியிருக்கும். ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸை அதில் சேர்க்கவில்லை. மாதம் 80 டாலராகக் கட்டினேன்.